குளோரின் பார்க்க எதை வாங்குவது: மஞ்சள் சொட்டா, இளஞ்சிவப்பு மாத்திரையா, மீட்டரா?

"குளோரின் டெஸ்ட் கிட் எது நல்லது?" இந்தக் கோடையில் இந்தக் கேள்வியை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். உசிலம்பட்டி பக்கம் ஓர் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி பார்க்கும் அக்கா ஒருவர். மதுரை அண்ணா நகரில் ஒரு அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர். ஒரு டயாலிசிஸ் பிரிவில் ஆர்.ஓ. பிளான்ட் பார்க்கும் தம்பி. அப்புறம், குளோரின் சிலிண்டர் அறையில் வேலை செய்யும் ஒருவர். நால்வருக்கும் ஒரே பெட்டியைக் கைகாட்டியிருந்தால், இரண்டு பேரையாவது தவறான வழியில் அனுப்பியிருப்பேன்.

தண்ணீர் பரிசோதனை எனக்கு அன்றாட வேலை. கையில் கிடைத்த எல்லா வகைக் கிட்டையும் பயன்படுத்தியிருக்கிறேன். எல்லாம் ஒரே தத்துவம்தான்: ஒரு ரசாயனத்தைக் கலக்கிறோம், குளோரின் இருந்தால் நிறம் வருகிறது, அல்லது இருந்த நிறம் போகிறது, நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து அளவைச் சொல்கிறோம். வித்தியாசம் எல்லாம், எந்த நிறம், அதை எது கெடுக்கும், யார் கண் அதைப் பார்க்கிறது என்பதில்தான் இருக்கிறது.

## குளோரைடு வேறு, குளோரின் வேறு

லேப் ரிப்போர்ட்டை நீட்டி, "சார், குளோரின் 480 இருக்காம், குடிக்கலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. அது குளோரைடு. போர் தண்ணீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் உப்பு. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 அதை லிட்டருக்கு 250 மி.கி. வரை ஏற்கிறது, வேறு நீராதாரம் இல்லையென்றால் 1000 வரை விடுகிறது.

இங்கே நான் பேசுவது, கிருமியைக் கொல்லப் போட்ட குளோரினில் வேலை முடிந்த பிறகு மிச்சமிருப்பதை. அதே தரத்தின்படி அது குறைந்தது 0.2 மி.கி. இருக்க வேண்டும், வைரஸ் பரவும் பயம் இருக்கும் காலத்தில் 0.5. குடிநீர் வடிகால் வாரியத்தின் களப் பரிசோதனைப் பெட்டியில் குளோரைடு, எஞ்சிய குளோரின் இரண்டுக்கும் தனித்தனி ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்) உண்டு. பாட்டில் மாறிப் போட்டு எழுதிய ரிஜிஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன். லேபிளை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுச் சொட்டு விடுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதல் விஷயம், எவ்வளவு குறைந்த அளவு உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது. ஊராட்சித் தொட்டிக்கு 0.2 இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். டயாலிசிஸ் தண்ணீரில் மொத்தக் குளோரின் 0.1 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மீன் வளர்ப்பவர்களுக்கு அதைவிடக் குறைந்த அளவுகூட ஆபத்து.

இரண்டாவது, ஃப்ரீ குளோரினா, மொத்தக் குளோரினா? பிளீச்சிங் பவுடரைக் கரைத்ததும் தண்ணீரில் சுதந்திரமாக இருந்து கிருமியைத் தாக்குவது ஃப்ரீ குளோரின். தண்ணீரில் அம்மோனியா இருந்தால், அதோடு சேர்ந்து குளோரமைன் ஆகிவிடும். குளோரமைனுக்கு வீரியம் குறைவு, ஆனால் லேசில் போகாது. இரண்டும் சேர்ந்தது மொத்தம். சில கிட் இரண்டையும் பிரித்துக் காட்டும், சிலது காட்டாது.

மூன்றாவது, உங்கள் தண்ணீரில் நிறத்தைக் கெடுக்கும் சமாச்சாரம் என்ன இருக்கிறது: இரும்பு, மாங்கனீசு, காரத்தன்மை. நான்காவது, யார் பார்க்கப் போகிறார், எந்த வெளிச்சத்தில். கடைசியாக, பெட்டியின் விலையோடு ஒரு வருடத்துக்கு ஆகும் செலவு.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. எந்தக் கிட் வாங்கினாலும் குழாயடியிலேயே பார்க்க வேண்டும். கொட்டாம்பட்டியிலிருந்து ஒருவர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, டூவீலர் பெட்டியில் வைத்து, மே மாத வெயிலில் கொண்டுவந்தார். நான் பார்த்தபோது குளோரின் சுத்தமாக இல்லை. "தொட்டிக்காரன் மருந்தே போடல" என்று அவர் புகார் எழுதத் தயாராக இருந்தார். மறுநாள் மீட்டரோடு அவர் ஊருக்கே போய் அதே குழாயில் பார்த்தேன்: 0.6. சூடும் வெளிச்சமும் பாட்டில் சுவரில் ஒட்டியிருந்த அழுக்கும் சேர்ந்து வழியிலேயே தின்றுவிட்டன. ஐம்பதாயிரம் ரூபாய் மீட்டரை லேப்பில் வைத்துக்கொண்டு பாட்டிலில் தண்ணீரை வரவழைப்பதைவிட, குழாயடியில் மஞ்சள் சொட்டு விடுவது மேல்.

## மஞ்சள் சொட்டு: ஆர்த்தோ டாலிடின்

ஓ.டி. என்றும், அந்தச் சின்னப் பெட்டியைக் குளோரோஸ்கோப் என்றும் சொல்வார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த ஆர்த்தோ டாலிடினைச் சில சொட்டு விட்டதும், குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். பக்கத்தில் இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். ஊராட்சிகளில் பரவலாகப் புழங்குவது இதுதான். சில நூறு ரூபாயில் முடியும். ஒரு பாட்டில் பல மாதம் வரும். சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

உசிலம்பட்டி அக்கா என் முன்னால் சோதித்துக் காட்டினார். டியூபை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, "தம்பி, மஞ்சளா தெரியுதா உங்களுக்கு?" என்றார். எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. இந்த முறையின் பெரிய பலவீனம் இதுதான். மங்கிய மஞ்சளை நம் கண் எளிதில் பிரித்தறியாது. 0.1, 0.2 என்ற அளவில் ஆளுக்கு ஓர் எண் சொல்வார்கள். டியூபுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, நிழலில் நின்று பார்த்தால் கொஞ்சம் தேவலாம். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் பார்க்கவே கூடாது.

அடுத்த சிக்கல் நேரம். ஃப்ரீ குளோரின் சில விநாடியில் நிறம் காட்டிவிடும். குளோரமைன் மெதுவாக, சில நிமிடம் எடுத்துக் காட்டும். சொட்டு விட்டதும் பார்த்தால் ஃப்ரீக்கு நெருக்கமான எண். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மொத்தம். வெயிலில் சூடேறிய சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரில் இந்த இடைவெளி இன்னும் குறைந்துவிடும். ஆகவே இந்த முறையில் இரண்டையும் திருத்தமாகப் பிரிக்க முடியாது.

நம் பகுதிக்கே உரிய தொல்லை காரத்தன்மை. ரீஏஜென்டில் இருக்கும் அமிலம் தண்ணீரை நன்றாகப் புளிக்க வைத்தால்தான் சரியான மஞ்சள் வரும். காரம் அதிகமான போர் தண்ணீர் அந்த அமிலத்தைத் தின்றுவிடும். நிறம் பச்சை கலந்து வரும். பச்சை தெரிந்தால் அட்டையோடு ஒப்பிடாமல் இன்னும் சில சொட்டு விட்டுப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்று போனால் குளோரின் மிக அதிகம் என்று அர்த்தம்.

இரும்பும் மாங்கனீசும் பொய் மஞ்சள் காட்டும். அண்ணா நகர் செயலாளருக்கு நடந்தது அதுதான். சம்ப்பில் மாநகராட்சித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலக்கின்றன. கிட்டில் எப்போதும் 0.3 காட்டியது. "இருக்கே" என்று மருந்து போடுவதையே நிறுத்திவிட்டார். போர் மோட்டாரிலிருந்து நேராகப் பிடித்த, மருந்தே படாத தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னேன். அதுவும் மஞ்சள். அதில் குளோரின் எங்கிருந்து வரும்? ஓ.டி. கிட் வாங்கும் ஒவ்வொருவரும் முதல் நாளே செய்ய வேண்டிய சோதனை இது.

மறைந்த செலவு ஒன்று இருக்கிறது, அது காசு அல்ல. ஆர்த்தோ டாலிடின் புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்ற பட்டியலில் உள்ள பொருள். அமெரிக்காவில் 1970களிலேயே இதை அங்கீகரித்த முறைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். கையில் படக் கூடாது. சோதித்த தண்ணீரைக் குடத்திலோ தொட்டியிலோ திரும்ப ஊற்றவே கூடாது. அந்த அக்கா டியூபின் வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கிக்கொண்டிருந்தார். மூடி தொலைந்துபோயிருந்தது. அதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. வருடக்கணக்காகத் தினமும் செய்யும் வேலை அது.

எங்கே இது போதும்? மருந்து போட்டார்களா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டிய இடத்தில், இரும்பு இல்லாத ஆற்றுத் தண்ணீரில், வேறு எதுவும் வாங்கப் பணம் இல்லாதபோது.

## இளஞ்சிவப்பு மாத்திரை: டிபிடி கம்பாரட்டர்

1957இல் பாலின் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் முன்வைத்த முறை. குளோரின் பட்டதும் டிபிடி என்ற ரசாயனம் இளஞ்சிவப்பாகும்; அந்த நிறத்தை ஒப்பிட்டு அளவைப் படிக்கும் பெட்டிதான் கம்பாரட்டர். மங்கிய சிவப்பை நம் கண் மங்கிய மஞ்சளைவிடத் தெளிவாகப் பிடிக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே குறைந்த அளவுகளில் இதை நம்பலாம். 1ஆம் எண் மாத்திரை ஃப்ரீ குளோரினைக் காட்டும். அதே டியூபில் 3ஆம் எண் மாத்திரையைப் போட்டால் மொத்தம் தெரியும். கழித்தால் குளோரமைன். ஓ.டி.யில் தடுமாறும் விஷயம் இங்கே இரண்டு மாத்திரையில் முடிகிறது.

இரும்பின் தொல்லை குறைவு. ஆக்சிஜனேற்றம் அடைந்த மாங்கனீசு மட்டும் இங்கேயும் பொய் நிறம் காட்டும். மருந்து படாத தண்ணீரைச் சோதிக்கும் பழக்கத்தை இதிலும் விடாதீர்கள்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, மொத்தம் பார்த்த டியூபைச் சரியாகக் கழுவாமல் அடுத்த ஃப்ரீ சோதனைக்கு எடுப்பது. 3ஆம் எண் மாத்திரையில் பொட்டாசியம் அயோடைடு இருக்கிறது; அதன் துளி மிச்சம் ஒட்டியிருந்தாலும் குளோரமைனும் சேர்ந்து நிறம் காட்டிவிடும். முடிந்தால் இரண்டு டியூப் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தவறு ஆபத்தானது. குளோரின் மிக அதிகமாக, 10 மி.கி.க்கு மேல் போனால் இளஞ்சிவப்பு மின்னலாகத் தோன்றி மறைந்துவிடும், ஏனென்றால் குளோரினே நிறத்தை வெளுத்துவிடுகிறது. தொட்டியைக் கழுவி மருந்து போட்ட அன்று பார்ப்பவர் "நிறமே இல்லை" என்று இன்னொரு மடங்கு மருந்து போடுவார். சந்தேகம் வந்தால், ஒரு பங்கு தண்ணீரோடு ஒன்பது பங்கு டிஸ்டில்ட் வாட்டர் கலந்து மறுபடி பாருங்கள். வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

மாத்திரையைக் கையால் தொடாமல், அலுமினிய உறையிலிருந்து நேராக டியூபுக்குள் தள்ளி, குச்சியால் நசுக்கி, ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். சொட்டு வடிவிலும் டிபிடி வருகிறது. மதுரை வெயிலில் அது சீக்கிரம் கெட்டு, தானே சிவந்துபோகிறது. நான் மாத்திரையைத்தான் சொல்வேன்.

விலை ஆயிரக்கணக்கில் வரும். கூடவே ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மாத்திரை. தினமும் தொட்டியில் ஒன்று, கடைசி வீட்டில் ஒன்று என்று பார்த்தால் வருடத்துக்கு 730 மாத்திரை. வாங்கும்போதே அந்தக் கணக்கைப் போட்டு, மாத்திரை எங்கே தொடர்ந்து கிடைக்கும் என்று விசாரித்துவிடுங்கள். மாத்திரை தீர்ந்து அலமாரியில் தூங்கும் கம்பாரட்டர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஊராட்சித் தொட்டிக்கும் அபார்ட்மென்டுக்கும் என் பரிந்துரை இதுதான்.

## டிஜிட்டல் கலரிமீட்டர்

ரசாயனம் அதே டிபிடி. கண்ணுக்குப் பதில் பச்சை விளக்கும் சென்சாரும் நிறத்தைப் படிக்கின்றன. 0.02, 0.05 போன்ற அளவுகளையும் பிரித்துக் காட்டும். பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று செலவாகும்.

டயாலிசிஸ் தம்பிக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. அவர் பிரிவில் அதுவரை ஓ.டி. சொட்டு விட்டு, உடனே பார்த்து, "நில்" (குளோரின் இல்லை) என்று எழுதிவந்தார்கள். குளோரினை நீக்கும் கார்பன் டேங்குக்குப் பின்னாலிருந்து தண்ணீர் பிடித்து, மொத்தக் குளோரின் மாத்திரை போட்டு மீட்டரில் வைத்தோம். 0.16. கண்ணுக்கு அந்தத் தண்ணீர் ஏறக்குறைய நிறமே இல்லாத வெறும் தண்ணீர்தான். தம்பி ஒன்றும் பேசாமல் ரிஜிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளோரமைன் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். குடிக்கும்போது வயிறு அதைச் சமாளித்துவிடும்; டயாலிசிஸில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வுதான் இருக்கிறது. கார்பன் தீர்ந்துபோயிருந்தது, அன்றே மாற்றினார்கள். பிளான்ட் ஓட ஆரம்பித்துக் கால் மணி நேரம் கழித்து சாம்பிள் எடுப்பது, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் பார்ப்பது, மொத்தக் குளோரினைத்தான் பார்ப்பது: இந்த மூன்றும் அங்கே இப்போது வழக்கம்.

மீட்டர் எண்ணைக் காட்டும் தோரணையில் மயங்கிவிடக் கூடாது. கண்ணாடிக் குப்பியில் விரல் ரேகை பட்டால் எண் மாறும். குப்பியை ஒரே திசையில், குறியைக் குறியோடு பொருத்தி வைக்க வேண்டும். முதலில் அதே தண்ணீரை மாத்திரை போடாமல் வைத்து ஜீரோ செய்ய வேண்டும். கலங்கல் தண்ணீரில் ஜீரோ செய்யாமல் பார்த்தால் கலங்கலையும் குளோரின் கணக்கில் சேர்த்துவிடும். குப்பி கீறினால் மாற்ற வேண்டும். இதெல்லாம் செலவுதான்.

## டெஸ்ட் ஸ்ட்ரிப்

நீச்சல் குளத்துக்குச் சரி. நனைத்து எடுத்து நிறம் பார்த்தால் முடிந்தது. ஆனால் படி பெரிது. பல ஸ்ட்ரிப்பில் 0க்கு அடுத்தது 0.5தான். 0.2ஐத் தேடும் நமக்கு உதவாது. டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் ஈரம் ஏறி வீணாகும்.

## ஒரே பார்வையில்

| முறை | நம்பத்தக்க கீழ் அளவு (லிட்டருக்கு) | ஃப்ரீ, மொத்தம் பிரிக்குமா | எது ஏமாற்றும் | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஓ.டி. சொட்டு | 0.2 மி.கி. அளவில் | திருத்தமாகப் பிரிக்காது | இரும்பு, மாங்கனீசு, காரம் | இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பவர் |
| டிபிடி கம்பாரட்டர் | 0.1 மி.கி. | பிரிக்கும் | மாங்கனீசு, மிகை குளோரின் | ஊராட்சி, அபார்ட்மென்ட் |
| டிபிடி மீட்டர் | 0.02 முதல் 0.05 மி.கி. | பிரிக்கும் | அழுக்குக் குப்பி, கலங்கல், மாங்கனீசு | டயாலிசிஸ், லேப் |
| ஸ்ட்ரிப் | 0.5 மி.கி. | வகையைப் பொறுத்து | ஈரம் | நீச்சல் குளம் |

## காற்றில் பார்ப்பது வேறு கணக்கு

சிலிண்டர் அறை நண்பர், ஓ.டி. கரைசலை ஒரு தட்டில் ஊற்றி அறையில் வைத்தால் தெரியாதா என்று கேட்டார். மஞ்சள் வரலாம், ஆனால் அதிலிருந்து எந்த எண்ணும் வராது. காரணம் இதுதான். தண்ணீரில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் லிட்டருக்கு 1 மி.கி. காற்றில் 1 பிபிஎம் என்பது கொள்ளளவுக் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 2.9 மி.கி. அதாவது ஒரு லிட்டர் காற்றில் 0.003 மி.கி.கூட இல்லை. எத்தனை லிட்டர் காற்று கரைசல் வழியாகப் போனது என்று அளக்காமல் நிறத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

அளவுகோலும் வேறு. 2025 வரை நடப்பில் இருந்த நம் தொழிற்சாலைகள் சட்டம் எட்டு மணி நேரச் சராசரியாக 1 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 3 பிபிஎம் வரை அனுமதித்தது. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பு 15 நிமிடத்துக்கு 0.5ஐத் தாண்டக் கூடாது என்கிறது. 10 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து. மூக்கை நம்பாதீர்கள். முதலில் மணம் தெரியும், அப்புறம் மூக்கு பழகிவிடும்.

தெரிவு இரண்டு.

கண்ணாடிக் குழாய் முறையில், இரு முனையும் உடைத்த சின்னக் குழாயைக் கைப்பம்பில் செருகி, ஓர் அழுத்தத்துக்கு 100 மி.லி. வீதம் காற்றை இழுக்கிறோம். உள்ளே இருக்கும் ரசாயனம் மஞ்சள் ஆரஞ்சாக மாறும். மாறிய நீளத்தை நேராகப் படிக்கலாம். 0.2 முதல் 3 பிபிஎம் வரை காட்டும் வகை கிடைக்கிறது, பத்து அழுத்தம் தேவைப்படும். சில நிமிடத்தில் விடை. துல்லியம் சுமார் தான், கால் பங்கு முன்னே பின்னே போகலாம். ஒரு குழாய் ஒரு தடவைக்குத்தான். காலாவதித் தேதியும் உண்டு. அறைக்குள் போகலாமா, பராமரிப்பு முடிந்த பிறகு காற்று சுத்தமாகிவிட்டதா என்று உடனே முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு இதுதான் சரி.

மெத்தில் ஆரஞ்சு முறை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பி.எச். 3 அளவில் புளிப்பாக்கிய சிவந்த மெத்தில் ஆரஞ்சுக் கரைசல் வழியாகக் காற்றைக் குமிழியாக விடுகிறோம். குளோரின் நிறத்தை வெளுக்கிறது. 505 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்தால், நிறம் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு குளோரின். நிமிடத்துக்கு ஓரிரு லிட்டர் வீதம் 30 லிட்டர் இழுத்தால்தான் 1 பிபிஎம் காற்றிலிருந்து 0.09 மி.கி. அளவு கிடைக்கும், கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகும். பக்கத்தில் கந்தக டை ஆக்சைடு இருந்தால் எண்ணைக் குறைத்துக் காட்டும். பம்ப், ஓட்ட அளவி, நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும். ஒரு தொழிலாளி ஒரு ஷிஃப்டில் எவ்வளவு சுவாசித்தார் என்று அறிக்கை எழுத இது சரி. கசிவு ஏற்பட்ட நேரத்தில் இதை எடுத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோரமும் மூக்கு உயரத்திலும் இரண்டு இடத்திலும் பாருங்கள். எந்த வால்வில் கசிகிறது என்று தேட, நிறம் பார்க்கும் இந்த முறைகளைவிட அம்மோனியாவில் நனைத்த துணிதான் வேகம். கசியும் இடத்தில் வெண்புகை எழும். அந்த நண்பருக்கு நான் சொன்னது: வாசலில் எச்சரிக்கை மணியோடு ஒரு நிரந்தர சென்சார், கையில் பத்துக் கண்ணாடிக் குழாய், வருடத்துக்கு ஒருமுறை வெளி லேப் மூலம் மெத்தில் ஆரஞ்சு.

## வாங்கிய கிட்டை நம்பலாமா

டிபிடி கம்பாரட்டருக்கும் மீட்டருக்கும் ஒரு எளிய சோதனை இருக்கிறது. பக்கத்துக் கல்லூரி வேதியியல் லேப்பில் கேட்டால் செய்து தருவார்கள். 0.891 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் கரைத்து வைக்க வேண்டும். அதில் 10 மி.லி. எடுத்து 100 ஆக்கி, அந்த இரண்டாவது கரைசலில் 1 மி.லி. எடுத்து மறுபடி 100 ஆக்கினால், டிபிடிக்கு அது லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் போலத் தெரியும். உங்கள் கிட் 0.9 முதல் 1.1 வரை காட்டினால் நிம்மதி. 0.6 காட்டினால் மாத்திரையின் தேதியைப் பாருங்கள்.

உசிலம்பட்டி அக்காவுக்கு ஊராட்சியில் கம்பாரட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். போன வாரம் போன் செய்தார். தொட்டியடியில் 0.8 வருகிறதாம், தெருக்கோடியில் கடைசி வீட்டுக் குழாயில் நிறமே வரவில்லையாம். கடைசி வீட்டுக்காரர் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார், தண்ணீரில் வாடை என்று. இப்போது அந்தத் தெருவின் பைப் லைனைத் தோண்டிப் பார்க்கிறார்கள்.